எலிக்குக் குணமாகிறது, மனிதருக்கு ஏன் ஆவதில்லை?

கேள்வி இதுதான்: “அப்பாவுக்குப் பார்கின்சன் நோய் வந்து மூன்று வருடம் ஆகிறது. ‘எலிகளில் பார்கின்சன் குணமானது’ என்று அடிக்கடி செய்தி வருகிறது. ஆனால் டாக்டர் எழுதித் தருவது இன்னமும் 1960களில் வந்த லெவோடோபாதான். மூளை ஆராய்ச்சியில் உண்மையிலேயே முன்னேற்றம் இருக்கிறதா, இல்லை எல்லாம் பேச்சுதானா?”

முன்னேற்றம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி இன்னும் மாத்திரையாக வந்து சேரவில்லை. நோய் எப்போது தொடங்குகிறது, எந்தச் செல்லில், எதனால் என்ற அறிவாகச் சேர்ந்திருக்கிறது. அது ஏன் உங்கள் அப்பாவின் மருந்துச் சீட்டில் இன்னும் தெரியவில்லை என்று சொல்வதற்கு முன்னால், அந்தச் செய்திகளில் வரும் எலி எப்படிப்பட்ட எலி என்று பார்த்துவிடலாம்.

1982-ல் கலிஃபோர்னியாவில் இளம் வயதுக்காரர்கள் சிலர் உடல் விறைத்து, பேச முடியாமல், அசையவும் முடியாமல் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் கண்டது அச்சு அசலாக முற்றிய பார்கின்சன். ஆனால் பார்கின்சன் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில் தலைகாட்டி, வருடக்கணக்கில் மெல்ல முற்றும் நோய். இவர்களுக்கோ சில நாட்களில் வந்துவிட்டிருந்தது. விசாரித்தபோது, எல்லாருமே திருட்டுத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. தயாரிப்பில் நேர்ந்த பிசகால் அதில் எம்பிடிபி என்ற வேதிப்பொருள் சேர்ந்திருந்தது.

அது வேலை செய்யும் விதம் பயங்கரமானது. எம்பிடிபி மூளைக்குள் நுழைந்ததும், அங்குள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ்-பி என்ற நொதி அதை நஞ்சாக மாற்றுகிறது. டோபமின் என்பது உடல் அசைவுக்கு வேண்டிய செய்தியை மூளையில் கடத்தும் வேதிப்பொருள். அதைச் சுரக்கும் டோபமின் செல்கள், தாங்கள் வெளியிட்ட டோபமினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வதற்கு ஒரு புரத வாயில் வைத்திருக்கின்றன. இந்த நஞ்சும் அதே வாயில் வழியே உள்ளே போய், மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. அக்கம்பக்கத்துச் செல்கள் பிழைக்க, டோபமின் செல்கள் மட்டும் சாகின்றன.

ஆராய்ச்சிக்கு இது பெரிய திருப்பம். பார்கின்சனைப் போன்ற ஒரு நிலையை ஆய்வகத்தில் விலங்குகளுக்கு நம்பகமாக உண்டாக்க வழி கிடைத்தது. எம்பிடிபி கொடுத்த குரங்குகளை வைத்து 1990-ல் மாலன் டிலாங்கின் குழு ஒன்றைக் காட்டியது: மூளையின் ஆழத்தில் உள்ள சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்தால் விறைப்பும் நடுக்கமும் குறைகின்றன. பிரான்சின் கிரெனோபிளில் அலிம்-லூயி பெனபிட் 1987-லேயே மூளையின் இன்னொரு ஆழ்பகுதியான தலாமஸில் மின்முனையை வைத்து, வேகமான மின்துடிப்பு கொடுத்தால் நடுக்கம் நிற்கிறது என்று கண்டிருந்தார். இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் இன்றைய ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை. இருவருக்கும் 2014-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. எலி, குரங்கு ஆராய்ச்சியால் பலனே இல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

சரி, பிறகு எங்கே இடறுகிறது? எம்பிடிபி கொடுத்த சுண்டெலிக்கு டோபமின் செல்கள் சில நாட்களில் சாகின்றன. உங்கள் அப்பாவுக்கு அது பத்து, இருபது வருடமாக நடந்திருக்கும். எலிக்கு நஞ்சோடு நஞ்சாகவோ, அதற்கு முன்பாகவோ சோதனை மருந்தைக் கொடுத்துவிடலாம். மனிதருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இன்னொரு கோளாறும் உண்டு: மருந்து காப்பாற்றுவது செல்லை அந்த நஞ்சிலிருந்து. அந்த நஞ்சால் செல் சாவதற்கும் அப்பாவின் நோயில் சாவதற்கும் ஒரே காரணம் என்று யார் சொன்னது?

செலிஜிலின் கதை இதற்கு நல்ல உதாரணம். எம்பிடிபியை நஞ்சாக்கும் அதே நொதியைத் தடுக்கும் மருந்து அது. முன்கூட்டியே கொடுத்தால் விலங்குகளில் எம்பிடிபியின் பாதிப்பு தடுக்கப்பட்டுவிடும். அந்த நம்பிக்கையில், 1980களின் இறுதியில் டாட்டாடாப் என்ற பெரிய சோதனை சுமார் 800 நோயாளிகளிடம் நடந்தது. செலிஜிலின் எடுத்தவர்களுக்கு லெவோடோபா தேவைப்படுவது தள்ளிப்போனது. நோயே தாமதமாகிவிட்டது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த மருந்து டோபமின் சிதைவதையும் குறைக்கும் என்பதால் அறிகுறிகள் சற்றுத் தணிந்திருந்தன, அவ்வளவுதான். தொடர்ந்து கவனித்தபோது நோயின் போக்கு மாறியதாக உறுதியாகவில்லை. அறிகுறி குறைவதும் நோய் மெதுவாவதும் வேறுவேறு என்பதையும், ஒரு சோதனையில் இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதையும் இந்தத் துறை அப்போது கற்றுக்கொண்டது.

அதன் பிறகு கிரியேட்டின், கோஎன்சைம் க்யூ10, உடலில் யூரிக் அமிலத்தைக் கூட்டும் இனோசின், ரத்த அழுத்தத்துக்குப் பயன்படும் இஸ்ராடிபின் எல்லாம் பெரிய சோதனைகளில் ஒவ்வொன்றாகத் தோற்றன. நீரிழிவு மருந்தான எக்செனடைடு சிறிய சோதனையில் நம்பிக்கை தந்தது. 2025-ல் வெளியான மூன்றாம் கட்டச் சோதனையில் பலன் இல்லை. வரிசையாகப் படித்தால் மனம் சோர்ந்துவிடும். எனக்கும் அந்த முடிவுகளைப் படிக்கும்போதெல்லாம் வருத்தம்தான். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னாலும் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கி, பரிசோதனைக்கு வந்துபோன நூற்றுக்கணக்கான நோயாளிகள் இருக்கிறார்கள்.

இவ்வளவு தோல்விக்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. பார்கின்சனில் சாகும் டோபமின் செல்கள் நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருத்த பகுதியில் இருக்கின்றன. கை நடுங்குகிறது, நடை தளர்கிறது என்று ஒருவர் டாக்டரிடம் போகும் நாளில் அந்தச் செல்களில் ஏறக்குறைய பாதி ஏற்கெனவே போயிருக்கும். மிச்சமிருப்பவை கூடுதலாக உழைத்து அதுவரை சமாளித்திருக்கும். அந்தச் சமாளிப்பு முடியும் இடத்தில்தான் நோய் வெளியே தெரிகிறது, அங்கேதான் மருந்துச் சோதனைகளும் தொடங்குகின்றன.

ஆனால் கவனித்துப் பார்த்தால், நோய் அதற்கு முன்பே தன்னைக் காட்டியிருக்கும். வாசனை தெரியாமல் போவது, நாள்பட்ட மலச்சிக்கல், அப்புறம் எல்லாவற்றிலும் முக்கியமாக ஒரு தூக்கக் கோளாறு. கனவு காணும் தூக்கத்தில் நம் தசைகள் செயலற்றுப்போகும்படி மூளைத்தண்டு பார்த்துக்கொள்கிறது. அந்தப் பகுதி பாதிக்கப்பட்டால் மனிதர் கனவில் செய்வதைப் படுக்கையில் செய்வார். கத்துவார், உதைப்பார், பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்தும் விடுவார். இந்தக் கோளாறு உள்ள 1,280 பேரைப் பல மருத்துவ மையங்கள் சேர்ந்து பின்தொடர்ந்த ஆய்வு 2019-ல் வெளியானது. அதன் கணிப்புப்படி 12 வருடங்களில் நான்கில் மூன்று பேர் அளவுக்குப் பார்கின்சனோ அதற்கு நெருங்கிய நோயோ வந்துவிடுகிறது. மலச்சிக்கல் உள்ளவர்கள் எல்லாரும் பயப்பட வேண்டியதில்லை. அதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. தூக்கத்தில் கத்தி உதைப்பது அப்படியில்லை, அதை நரம்பியல் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

சாகும் செல்களுக்குள் புரதக் கட்டிகள் இருப்பதை 1912-லேயே ஃபிரிட்ஸ் லூயி விவரித்துவிட்டார். அவை எதனால் ஆனவை என்று தெரிய 85 வருடம் ஆனது. 1997-ல் இத்தாலிய வேர் கொண்ட ஒரு குடும்பத்தில் தலைமுறைகளாக வந்த பார்கின்சனுக்கு ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள பிழை காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதே வருடம் மரியா கிராசியா ஸ்பிலன்டினி, மிஷெல் கோடர்ட் குழு அந்தக் கட்டிகளைச் சோதித்தது. உள்ளே இருந்தது அதே புரதம். மரபணுப் பிழை இல்லாத, சாதாரணமாக நோய் வந்தவர்களிடமும் அதுவே இருந்தது. அரிய குடும்பம் ஒன்றின் துயரம் எல்லா நோயாளிகளின் மூளைக்குள்ளும் பார்க்க ஒரு சாளரமாகியது.

அடுத்து வந்தது யாரும் எதிர்பாராதது. 1980களிலும் 90களிலும் சில நோயாளிகளின் மூளையில் கருவின் டோபமின் செல்களை நட்டுப் பார்த்தார்கள். 2008-ல், அப்படி நடப்பட்டுப் பத்து வருடங்களுக்கு மேல் வாழ்ந்து இறந்தவர்களின் மூளையைச் சோதித்தபோது, நட்ட செல்களுக்குள்ளும் லூயி கட்டிகள் இருந்தன. அந்தச் செல்களின் வயது பதினைந்து வருடத்தை ஒட்டித்தான் இருக்கும், வேறொருவரின் மரபணு கொண்டவை. அவற்றுக்குப் பார்கின்சன் வரவே காரணமில்லை. தவறாக மடிந்த புரதம் பக்கத்துச் செல்லுக்குத் தாவி, அங்குள்ள நல்ல புரதத்தையும் தன்னைப்போல் மடியவைக்கிறது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. 2012-ல் அந்தப் புரத இழைகளைச் சாதாரணச் சுண்டெலிகளின் மூளையில் செலுத்தியபோது கட்டிகள் மாதக்கணக்கில் பரவின, டோபமின் செல்களும் செத்தன. எம்பிடிபி எலியைவிட இந்த எலி மனித நோய்க்குக் கொஞ்சம் நெருக்கமானது. ஆகவே இனி ‘எலிகளில் குணமானது’ என்று படித்தால், எந்த எலி, மருந்து நோய்க்கு முன்பா பின்பா என்று தேடிப் பாருங்கள். செய்திகளில் அது பெரும்பாலும் இருக்காது. ஆய்வுக்கட்டுரையின் சுருக்கத்தில் இருக்கும்.

இந்தப் புரதத்துக்கு எதிராக உருவாக்கிய இரண்டு ஆன்டிபாடிகள், பிராசினெசுமாப், சின்பனெமாப், 2022-ல் முக்கிய இலக்கை எட்டவில்லை. கருத்தே தவறா, மருந்து உள்ளே போதிய அளவு போகவில்லையா, காலம் கடந்துவிட்டதா என்ற வாதம் ஓயவில்லை. காலம் கடந்ததுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். அது மட்டுமே காரணம் என்று சொல்லத் துணிய மாட்டேன். ஏனென்றால் அல்சைமரில் அந்த வாதத்துக்கு எதிரான சான்றும் இருக்கிறது. மூளையில் அமிலாய்ட் என்ற புரதம் படிந்திருந்தும் நினைவு நன்றாக உள்ளவர்களுக்கு சோலனெசுமாப் என்ற ஆன்டிபாடியை நான்கு வருடங்களுக்கும் மேலாகக் கொடுத்த சோதனை 2023-ல் தோல்வியில் முடிந்தது. முன்னதாகவே தொடங்கினார்கள், ஆனால் அந்த மருந்து படிந்துபோன அமிலாய்டை அகற்றவில்லை. அதை அகற்றும் லெகனமாப் 18 மாதங்களில் சரிவை 27 சதவீதம் குறைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி வித்தியாசம். சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வந்தன. தொடக்கம் என்ற வகையில் எனக்கு மகிழ்ச்சி, வெற்றி என்று கொண்டாட மனம் வரவில்லை.

காலமும் காரணமும் ஒருசேரக் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு நோயைப் பார்க்கலாம். தண்டுவடத் தசைநலிவு என்பது பிறவி மரபணுக் குறை. எஸ்எம்என்1 என்ற மரபணு வேலை செய்யாததால் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சாகின்றன. கடுமையான வகையில் குழந்தை உட்காரக்கூட முடியாமல், சிகிச்சையின்றி இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் இறந்துவிடும். நம்மில் பெரும்பாலானவர்களிடம் எஸ்எம்என்2 என்ற மாற்று மரபணு இருக்கிறது. ஆனால் அதன் செய்தியைச் செல் கோக்கும்போது ஒரு துண்டு விடுபடுவதால் பெரும்பாலும் பயனற்ற புரதமே உருவாகிறது. அந்தத் துண்டை விடாமல் சேர்க்கவைக்கும் நியூசினெர்சன் 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மரபணுச் சோதனையில் குறை தெரிந்து, அறிகுறி வருவதற்கு முன், பிறந்த ஆறு வாரத்துக்குள் 25 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார்கள். சுமார் மூன்று வருடம் கழித்தும் 25 பேரும் உயிரோடு, நிரந்தர சுவாசக் கருவி இல்லாமல் இருந்தார்கள். 22 பேர் தாங்களாகவே நடந்தார்கள். நரம்பு மண்டல ஆராய்ச்சியில் இதைவிட என்னை நெகிழவைத்த முடிவு வேறில்லை.

அங்கே காரணம் ஒரே மரபணு, அதையும் பிறந்தவுடன் கண்டுபிடிக்க முடிகிறது. பார்கின்சனில் அப்படிக் கண்டுபிடிக்க ஏதாவது இருக்கிறதா? இப்போது இருக்கிறது, உங்கள் கேள்விக்கு நேரடியான பதிலும் இதுதான். முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீரில் தவறாக மடிந்த ஆல்ஃபா-சைனுக்ளின் கொஞ்சம் இருந்தாலும், ஆய்வகத்தில் நல்ல புரதத்தோடு சேர்த்து வைத்தால் அது மற்றவற்றையும் மடியவைத்து அளக்கும் அளவுக்குப் பெருகிவிடும். நோய் பரவும் அதே குணத்தையே சோதனையாக மாற்றிவிட்டார்கள். 2023-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் செய்து பார்த்ததில், பார்கின்சன் உள்ளவர்களில் சுமார் 88 சதவீதத்தினரிடம் அது தென்பட்டது. தூக்கக் கோளாறோ வாசனை இழப்போ மட்டும் உள்ள, இன்னும் நடுக்கம் வராத பலரிடமும் தென்பட்டது.

மிச்ச 12 சதவீதம் யார் என்பதும் முக்கியம். எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுப் பிழையால் நோய் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் அந்தப் புரதம் தென்படவில்லை. அதாவது நாம் பார்கின்சன் என்று ஒரே பெயரில் அழைப்பது ஒன்றுக்கு மேற்பட்ட நோய்களாக இருக்கலாம். இதுவரை தோற்ற சோதனைகளில் இவர்கள் எல்லாரையும் ஒரே குழுவாகச் சேர்த்துத்தான் மருந்து கொடுத்தார்கள். ஒரு வகையினருக்குப் பலன் இருந்திருந்தாலும் சராசரியில் அது மறைந்துபோயிருக்கும். இனி வரும் சோதனைகளில் யாரைச் சேர்ப்பது, எப்போது தொடங்குவது என்பதையே இந்தப் பரிசோதனை மாற்றும் என்று நம்புகிறேன்.

புதிய செல்களை நடும் முயற்சியும் திரும்ப வந்திருக்கிறது. ஸ்டெம் செல்களிலிருந்து உருவாக்கிய டோபமின் செல்களை நட்ட இரண்டு சிறிய ஆய்வுகள் 2025-ல் வெளியாகின. ஒன்றில் 12 நோயாளிகள், ஜப்பானின் கியோட்டோவில் நடந்த மற்றதில் 7 பேர். பெரிய ஆபத்து தென்படவில்லை, செல்கள் டோபமின் தயாரிப்பதும் ஸ்கேனில் தெரிந்தது. இரண்டிலும் போலி சிகிச்சை பெற்ற ஒப்பீட்டுக் குழு இல்லை. பார்கின்சனில் இது பெரிய குறை. வெறும் உப்புநீரை மருந்து என்று நம்பி ஊசி போட்டுக்கொண்ட பார்கின்சன் நோயாளிகளின் மூளையில் நிஜமாகவே டோபமின் சுரப்பு கூடியதை 2001-ல் கனடாவின் வான்கூவரில் பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். நம்பிக்கையே கொஞ்ச நேரம் மருந்தாகிவிடும் நோய் இது. பணம் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஊசி போடும் இடங்களில் நடந்தவர், எழுந்தவர் என்று காட்டப்படும் காணொளிகளை நம்பி அப்பாவை அழைத்துப் போகாதீர்கள். முறையான சோதனையில் சேர நோயாளியிடம் பணம் கேட்க மாட்டார்கள்.

இனி, மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபாவுக்கு வருகிறேன். அதைப் பழைய மருந்து என்று குறைவாக நினைக்க வேண்டாம். ஆர்விட் கார்ல்சன் 1950களின் இறுதியில், டோபமினை வற்றவைக்கும் ரிசர்பின் என்ற மருந்தைக் கொடுத்து அசையாமல் போன முயல்களுக்கு அதைச் செலுத்தி எழுந்து ஓடவைத்தார். 1960-ல் வியன்னாவில் ஹெர்பர்ட் எரிங்கரும் ஒலே ஹார்னிகீவிச்சும், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் வற்றிப்போயிருப்பதைக் கண்டார்கள். 1967-ல் ஜார்ஜ் கோட்சியாஸ் அளவை மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்தார். என்ன குறைகிறது என்று தெரிந்து, அதையே கொடுத்துச் சரிசெய்த மருந்து. அறிகுறிகளைக் குறைப்பதில் இன்றுவரை அதை வெல்ல வேறில்லை. சீக்கிரம் தொடங்கினால் நோய் வேகமாகும் என்று சிலர் தள்ளிப்போடுவார்கள். 445 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான சோதனை, முன்னதாகத் தொடங்குவதால் நோய் மெதுவாவதும் இல்லை, மோசமாவதும் இல்லை என்று காட்டியது. அப்பாவுக்குத் தேவை இருக்கும்போது பயந்து தவிர்க்கக் காரணமில்லை.

உடற்பயிற்சியையும் மருந்து மாதிரி நினையுங்கள். மூச்சு வாங்கும் அளவுக்கு டிரெட்மில்லில் வாரம் மூன்று முறை நடந்தவர்களின் நோய் மதிப்பெண் ஆறு மாதத்தில் ஏறக்குறைய அப்படியே நின்றது, பயிற்சி செய்யாதவர்களுக்கு மோசமானது என்று 2018-ல் வந்த ஒரு சோதனை காட்டியது. 128 பேர்தான், முடிவானது என்று சொல்ல முடியாது. இதயத்தைச் சோதித்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.

மாத்திரை நேரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டோபமினை நேரடியாகக் கொடுத்தால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடையைத் தாண்டாது. லெவோடோபா ஓர் அமினோ அமிலம் என்பதால், அமினோ அமிலங்களைக் கடத்தும் வழியில் ஏறி உள்ளே போகிறது. புரதம் அதிகமுள்ள உணவோடு சாப்பிட்டால் குடலிலும் மூளையின் வாசலிலும் இரண்டும் போட்டிபோடும், மருந்து தாமதமாகும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி பின்போ கொடுத்தால் பலருக்கு வித்தியாசம் தெரிகிறது. புரதத்தை நிறுத்த வேண்டாம், நேரத்தை மட்டும் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.

எப்போதாவது அப்பாவை வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், பார்கின்சன் இருப்பதையும் மாத்திரை நேரத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே வேளை தவறுவது சகஜம், லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வாந்திக்கு வழக்கமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு மூளைக்குள் நுழைந்து டோபமினைத் தடுக்கும், விறைப்பைக் கூட்டும். டாம்பெரிடோன் அந்தத் தடையைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் அதையும் டாக்டர் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு பெயர்களையும், எது கூடாது, எதை டாக்டர் யோசித்துக் கொடுக்கலாம் என்பதோடு ஒரு சீட்டில் எழுதி அப்பாவின் மருந்துப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.